பங்காளிக்குப் பிடிக்காத கலர்

என் உடம்பில் உசுரு இருக்கிற வரைக்கும் என் வூட்டுச் சுவரில் கத்திரிப்பூ கலர் ஏறாது!

இதை நான் நடு ஹாலில் நின்று, ஃபேனை நிறுத்திவிட்டுச் சொன்னேன். எங்கள் வூட்டு ஃபேன் ஓடினால் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. என் பெண்டாட்டி கலைமணிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் நிறுத்தினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசி முடிச்சாச்சுன்னா ஃபேனைப் போடுங்க. வேகுது."

கத்திரி வெயில் அப்படி. அது மண்டையில் ஏறித்தான் இவள் கத்திரிப்பூ கலர் கேட்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

நான் வேடியப்பன். பாப்பிரெட்டிப்பட்டியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். டிசைனும் நானே, பிரிண்டும் நானே. சுத்துப்பட்டில் யாருக்குக் காது குத்தினாலும், யார் தேர்தலில் ஜெயித்தாலும், யார் மண்டையைப் போட்டாலும் கலர் நான் சொல்வதுதான். சிவப்பு மேல் மஞ்சள் எழுத்து. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவன் கண் கூசி எழுந்து உட்காரணும். அதுதான் டிசைன். இந்தக் கத்திரிப்பூ இருக்கிறதே, அது ஊதாவா ரோஸா என்று அதற்கே தெரியாது. கம்ப்யூட்டரில் ரோஸாகத் தெரியும். பிரிண்ட் எடுத்தால் நீலமாக வரும். வெயிலில் கொஞ்ச நாள் நின்றால் வெள்ளையாகப் போய்விடும். இதை நம்பி ஒருதடவை வளைகாப்புப் பேனர் அடித்தேன். "எங்க பொண்ணு ஏங்க கரண்ட் போன மாதிரி இருட்டுல நிக்குது?" என்று பொண்ணு வூட்டுக்காரர்கள் பேனரைச் சுருட்டிக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் வூடு அரூர் ரோட்டு மேலேயே இருக்கிறது. வூடு என்றால் அரை வூடு. மறுபாதி என் சித்தப்பா மகன் ராஜப்பனுடையது. பாகம் பிரித்தபோது உள்ளே நடுவில் சுவர் எழுப்பினோம். முகப்புச் சுவர் மட்டும் ஒன்றாகவே நின்றுவிட்டது. அதனால் கலரால் கோடு கிழித்தோம். என் பாதி பச்சை, அவன் பாதி ஆரஞ்சு. முகப்பு உச்சியில் சிமெண்டில் செய்த லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள், ரெண்டு பக்கமும் யானை. பச்சை யானை எனக்கு. ஆரஞ்சு யானை அவனுக்கு. லட்சுமிக்கு முகத்தில் பாதி பச்சை, பாதி ஆரஞ்சு. பஸ் கண்டக்டர்கள் "ரெண்டு கலர் வூடெல்லாம் எறங்கு" என்றுதான் கூவுவார்கள்.

எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எதற்காகப் பேச்சு நின்றது என்பது எனக்கு மறந்து போய்விட்டது. அவனுக்கு ஞாபகம் இருக்கும். கேட்கலாம் என்றால், பேச்சு இல்லையே!

ஆம்பிளைகள் பேசாததால் பெண்களும் பேசுவதில்லை. ராஜப்பன் பெண்டாட்டி சுகுணா வாசலுக்கு வந்தால் கலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்த விஷயத்தில் என் வூட்டுக்காரி தங்கம்.

இப்போது மாரியம்மன் பண்டிகை வருகிறது. சொந்தபந்தம் எல்லாம் வரும். போன பண்டிகையில் அவன் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் என் பச்சை வெளுத்துப்போய் நின்றது. வந்தவர்கள் என் வூட்டில் உட்கார்ந்து என் கறிக்குழம்பைத் தின்றுகொண்டே, "ராஜப்பன் பாதி எடுப்பா இருக்குப்பா" என்றார்கள். கலரை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா? இந்தத் தடவை என் பாதிதான் எடுப்பாக இருக்கணும். விடுவதாக இல்லை. அதற்குத்தான் பெயிண்ட். அதற்குள் இவள் கத்திரிப்பூ என்கிறாள்.

கலைமணி எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து வந்தாள். யாரோ வளைகாப்பில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது.

"இதாங்க நான் சொல்ற கலர். எவ்வளவு பாந்தமா இருக்கு பாருங்க."

"பாந்தமா? ஏம்மா, நான் கட்டியிருக்கறது வூடா, ஜாக்கெட்டா?"

"நீங்க அடிச்ச பச்சையப் பாத்துப் பாத்து எனக்கு டிவில எல்லா மூஞ்சியும் செவப்பாத் தெரியுதுங்க."

"கத்திரிக்காய் தின்னாலே எனக்கு அரிக்கும். தெரியுமில்ல?"

"செவுத்தையா திங்கப் போறீங்க?"

"முடியாதுன்னா முடியாது. மாம்பழ மஞ்சள்தான்."

"சரிங்க. உங்க இஷ்டம்."

கல்யாணம் ஆன ஆண்களே, கேட்டுக்கொள்ளுங்கள். பெண்டாட்டி சண்டை போட்டால் பயப்பட வேண்டாம். "சரிங்க, உங்க இஷ்டம்" என்றால் மட்டும் உஷாராக இருங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

மறுநாள் மத்தியானம் களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"பெயிண்டர் அன்பு பேச்சுவாக்குல சொன்னாப்ல. பக்கத்து வூட்டுக்கும் மாம்பழ மஞ்சள்தானாம்."

களியை மெல்லக் கூடாது, முழுங்கணும். எனக்கு முழுங்கவும் முடியவில்லை.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சு பண்றாரோ, தெரியாமப் பண்றாரோ. நமக்கென்னங்க? ரெண்டு பேரும் ஒரே மஞ்சளா அடிச்சுக்குங்க."

"அவனும் நானும் ஒரே கலரா? அப்படி ஒண்ணு நடந்தா இந்த மீசையை எடுத்துடறேன்!"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று குழம்பை ஊற்றினாள்.

நேராக அன்புவைப் போய்ப் பிடித்தேன். ரெண்டு பாதிக்கும் அவன்தான் பெயிண்டர்.

"ஏம்ப்பா, என் கலரை ஏன் அவன்கிட்ட சொன்னே?"

"நானாண்ணா? சத்தியமா யார்கிட்டயும் எதுவும் சொல்லலண்ணா. ராஜப்பண்ணனும் இப்பத்தான் வந்து இதையே கேட்டு என் சட்டையைப் புடிச்சிட்டுப் போறாரு."

பாருங்கள் அந்த ராஜப்பன் பயலை! திருடிவிட்டு, திருட்டுப் போனவன் மாதிரி நடிக்கிறான். அன்பு சொன்னதையும் நான் நம்பவில்லை. பெயிண்டர் பொய் சொல்வான் என்று தோன்றிய எனக்கு, வேறு யாராவது பொய் சொல்வார்கள் என்று தோன்றவே இல்லை.

அதனால் ரகசியமாகச் செய்வது என்று முடிவு. கலரை மாற்றினேன். கடையில் சொல்லவில்லை. அன்புவிடம் சொல்லவில்லை. கலைமணியை அடுப்படிக்குள் கூட்டிப் போய், குக்கர் விசில் அடிக்கும்போது காதில் மட்டும் சொன்னேன்.

"செங்கல் செவப்பு. உனக்கும் எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்."

"என் உசுரு போனாலும் சொல்ல மாட்டேங்க."

மறுநாளே வந்துவிட்டது சேதி. பக்கத்து வூட்டிலும் மஞ்சளை விட்டுவிட்டார்களாம். செங்கல் சிவப்பாம்.

"நான் சொல்லல. நீ சொல்லல" என்றேன் நடுங்கிப் போய்.

"அப்ப சாமிதாங்க சொல்லியிருக்கணும்" என்றாள் கலைமணி, பயபக்தியோடு.

அடுத்து நான் மாற்றின மயில் நீலத்துக்கும் அதே கதி ஆனது. கோயிலில் பண்டிகைக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், இனி நாள் அதிகம் இல்லை. சாரம் கட்டின மூங்கில் சும்மா நிற்கிறது. என் பச்சை அழுது வடிகிறது. சோறு இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து "ராஜப்பன் பாதி..." என்று சொல்வது கனவிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்று கலைமணியிடமே யோசனை கேட்டேன்.

"ஏம்மா, அவன் தொடவே மாட்டான்னு ஒரு கலர் இருக்கும் இல்ல?"

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தயங்கினாள்.

"இருக்குது. ஆனா வேணாங்க. உங்களுக்குப் பிடிக்காது."

"எனக்குப் பிடிக்குதான்னு யாரு கேட்டா? அவனுக்குப் பிடிக்கக் கூடாது. அதான் வேணும். சொல்லு!"

"கத்திரிப்பூதாங்க. அது பொம்பளைங்க கலரு, உசுரு இருக்கற வரைக்கும் அடிக்க மாட்டேன்னு அவரு அவங்க வூட்டுல ஃபேனை நிறுத்திட்டுக் கத்துனது நம்ம அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

எழுந்து நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"முடிவு பண்ணிட்டேன். கத்திரிப்பூ!"

"ஐயையோ, வேணாங்க! அன்னிக்கு என்னா சொன்னீங்க? அரிக்கும்னீங்களே!"

"அரிச்சா சொறிஞ்சுக்கறேன். உனக்கு டிசைன் தெரியாது கலை. ஊதாவை வெள்ளையில கரைச்சு, மேல ரோஸ் ஒரு சாயல் காட்டணும். கண்ணுக்குக் குளிர்ச்சி. பக்கத்துல எந்தக் கலர் நின்னாலும் அதை அழுக்காக் காட்டும். இதையெல்லாம் ஒரு டிசைனர்தான் சொல்ல முடியும்."

"எனக்கென்னங்க தெரியும்..." என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்தேன். தோளெல்லாம் எதற்குக் குலுங்குகிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு அரூருக்கு வண்டியை விட்டேன். அங்கே பெயிண்ட் கடையில் ஒரு மிஷின் இருக்கிறது. துணியை அதன்மேல் வைத்தால் அதே கலரைக் கண்டுபிடித்துக் கலந்து கொடுக்கும். கடைக்காரர் துணியை ஒருதடவை பார்த்தார். "ஓ, இதுவா" என்றார். மிஷினில் வைக்காமலே நம்பரைத் தட்டிக் கலந்துவிட்டார். ஆகா, தொழில் தெரிந்த மனுசன் என்று மெச்சிக்கொண்டு வந்தேன்.

இனி பண்டிகை வரைக்கும் ராஜப்பன் கண்ணில் படாமல் இருக்கணும். கடையிலிருந்து பழைய பேனர்களைக் கொண்டுவந்து சாரத்தில் கட்டி மறைக்க அன்புவிடம் சொன்னேன். எழுத்து உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டேன். கட்டினது, போட்டோ மாறிப்போனதால் கடைக்குத் திரும்பி வந்த கண்ணீர் அஞ்சலி பேனர். கம்பைநல்லூரிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த என் மாமா அதைப் பார்த்துவிட்டு, இறங்கி, மாலை வாங்கிக்கொண்டு, வாயில் துண்டை வைத்தபடி வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"நீ இருக்கியே. அப்ப போனது யாரு?"

"யாரும் போகல மாமா. பெயிண்ட் அடிக்கிறோம்."

"பெயிண்ட்டுக்கா கண்ணீர் அஞ்சலி?"

கலைமணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அவரோட பழைய கலருக்குங்க!"

ராஜப்பனும் அவன் பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். மூடட்டும். உள்ளே என்ன இருக்கப் போகிறது, நான் தூக்கிப்போட்ட மயில் நீலம்தானே! அன்பு காலையில் என் பக்கம் அடிப்பான், சாயங்காலம் அவன் பக்கம் போவான். ஒருநாள் ரோலரைக் கழுவாமலே தார்ப்பாய்க்குள் நுழைவதைப் பார்த்துவிட்டேன்.

"ஏம்ப்பா, கழுவாமப் போறியே, கலர் கலந்துடாதா?"

"கலக்காதுண்ணா" என்றான் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சோம்பேறிப் பயல். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவன் நீலத்தில் என் கலர் ஒட்டி அழுக்காகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்டிகை அன்று காலை. பம்பைச் சத்தம் கோயில் பக்கம் கேட்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் ரோட்டில் நிற்கிறார்கள். மாமாகூட வந்திருந்தார், இந்தத் தடவை மாலை இல்லாமல். நல்ல நேரம் பார்த்து அவிழ்க்கணும் என்று கலைமணி சொல்லியிருந்தாள். அவள் கண் காட்டினாள். கயிற்றை இழுத்தேன். அதே நேரம் பக்கத்தில் தார்ப்பாயும் விழுந்தது.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கத்திரிப்பூ.

நடுவில் கோடு இல்லை. என் வூடு எங்கே முடிகிறது, அவன் வூடு எங்கே ஆரம்பிக்கிறது, எனக்கே தெரியவில்லை. ரெண்டு யானையும் ஒரே கலர். லட்சுமிக்கு முழுசாக ஒரு முகம் வந்திருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பார்க்க அழகாக இருந்ததில் இன்னும் ஆத்திரம்.

"அடடா! இப்பத்தான் வூடு வூடு மாதிரி இருக்கு" என்றார் மாமா. "என்னா எடுப்பு!"

"யாரு பாதிங்க மாமா எடுப்பு?" என்றேன் ஈனக் குரலில்.

"பாதியா? எங்கடா பாதி?"

வாசலுக்கு ஆரத்தித் தட்டோடு கலைமணி வந்தாள். அவள் தோளை உரசிக்கொண்டு சுகுணா. ரெண்டு பேர் கட்டியிருந்த புடவையும் கத்திரிப்பூ. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ... நீ இவகூடப் பேசறியா?"

"பால் சொசைட்டில தெனமும் பேசுவோங்க. ஒரே வளைகாப்புல வந்த துணிதாங்க ரெண்டு பேருகிட்டயும் இருந்துச்சு. வாசல்ல பேசுனா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அங்க மட்டும் பேசறதில்ல" என்று எனக்கு ஆரத்தி சுற்றினாள். "அப்புறங்க, ஒரே கலர் அடிச்சா மீசையை எடுத்துடறேன்னீங்களே. சுடுதண்ணி வைக்கட்டுமா?"

என் கை தானாக மீசைக்குப் போனது. பக்கத்தில் பார்த்தேன். ராஜப்பன் கையும் அவன் மீசை மேல் இருந்தது.

இத்தனை வருசத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பங்காளி... உன்கிட்டயும் 'வேணாங்க, உங்களுக்குப் பிடிக்காது'ன்னுதான் சொன்னாங்களா?"