கசக்கும் திருநீறு

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் பேருந்துகளுக்குப் புதிதாக ஒரு நிறுத்தம் முளைத்திருந்தது. "தலைவலிச் சித்தர் ஸ்டாப்பு!" என்று நடத்துநர் கத்தினால் பாதி வண்டி காலியாகும். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் சாலைவரை நிற்கும். அந்த வெயிலில் அவ்வளவு நேரம் நின்றால் தலைவலி இல்லாதவனுக்கும் வந்துவிடும். சித்தருக்குத் தொழில் தெரியும்.

மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை உடைக்கும் வேலை பார்க்கும் அம்சாவுக்கு வெகுநாளாக ஒற்றைத் தலைவலி. விழுப்புரத்து டாக்டர் கலையரசி, தினமும் இரவில் போட ஒரு மாத்திரையும் வலி வந்தால் மட்டும் போட இன்னொன்றும் கொடுத்திருந்தார். "வயித்துல புண் இருக்கு. கடையில கண்ட வலி மாத்திரைய வாங்கிப் போடாதீங்க" என்றும் எச்சரித்திருந்தார்.

சித்தரோ, "மாத்திரையும் திருநீறும் ஒரே வயித்துல இருந்தா தலைல இருக்கிற முனி எறங்க மாட்டான்" என்றார். அம்சா மாத்திரைகளைப் பரணில் எறிந்தாள். வேளைக்கு ஒரு சிட்டிகை திருநீறு விழுங்கினாள்.

முதலில் வலி பறந்தது. மண்டி முழுக்கச் சித்தர் புகழ் பாடினாள். பிறகு தினமும் வலித்தது.

"முனி போறப்ப உதைச்சிக்கினு போறான்மா. ரெண்டு சிட்டிகையா போடு" என்றார் சித்தர்.

முனிக்கு எத்தனை கால் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, மலம் தார்போலக் கறுத்துப் போனது. அன்றே மண்டியில் மயங்கி விழுந்தாள். கணவன் குமரேசன் அவளை விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"என்ன வலி மாத்திரை போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"சத்தியமா ஒண்ணுமில்லீங்க. சித்தர் குடுத்த திருநீறுதான்."

"கசந்துச்சா?"

"கசந்துச்சுங்க. கசந்தாத்தான் முனி ஓடுவான்னாரு."

"சாணிச் சாம்பல் அப்படிக் கசக்காதும்மா. வலி மாத்திரைய அரைச்சுக் கலந்திருக்கான். அத அடிக்கடி போட்டா அதுவே தினம் தலைவலியக் கொண்டுவரும். உங்க வயித்துப் புண்ல ரத்தமும் கசிஞ்சிருக்கு. எத முழுங்கினாலும் எங்கிட்ட சொல்லுங்க, சாமி குடுத்ததுன்னாலும் சரி. நான் குடுத்தத என்னைக் கேக்காம நிறுத்தாதீங்க."

உடம்பு தேறியதும், ஒரு வெள்ளிக்கிழமை அம்சா கணவனோடு சித்தர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, இது வெறும் திருநீறுதானே?"

"சுத்தமான பசுஞ்சாணத் திருநீறு. பச்சப் புள்ளகூடத் துன்னலாம்."

"அப்ப நீங்க ஒரு பிடி வாயில போடுங்க, பாப்போம்."

"நான் விரதம்மா."

"திருநீறுக்கு ஏதுங்க விரதம்?"

கூட்டம் சிரித்தது. குமரேசன் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சித்தர் வாய்க்கு நேரே நீட்டினான்.

"ஜல்தியா முழுங்கு சாமி, பஸ்ஸு வந்துடும்."

சித்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "வேணாம்பா! எனக்கு அல்சர் இருக்குது! வலி மாத்திரையே ஆகாதுன்னு டாக்டர்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் முன்னாலேயே கடித்திருக்கலாம்.

கூட்டம் பின்கட்டுக்குள் புகுந்தது. மிக்ஸி ஜாரில் வெள்ளைப் பொடி. மூட்டை நிறைய வெற்று மாத்திரை அட்டைகள். சித்தர் வேலி தாண்டி ஓடினார். சடாமுடி மட்டும் முள்ளில் தங்கிவிட்டது.

வரிசையில் நின்ற ஒருவர் அம்சாவிடம் மெல்லக் கேட்டார்: "கோலியனூர் பக்கம் இன்னொரு சாமி இருக்காராமே, அவரு எப்படிம்மா?"

"தாராளமா போங்கண்ணா. தலைய மட்டும் வீட்லயே வச்சுட்டுப் போங்க. அங்க அதுக்கு வேல இல்ல."