எங்கள் காருக்குக் குளிர் எடுத்த கதை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18.6.1996

மதிப்புமிக்க மச்சான் ரெங்கசாமி அவர்களுக்கு,

பழனியப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உங்கள் தங்கை புஷ்பவல்லியும், கல்யாணப் பெண் ரமணியும் நலம். காரும் நலம். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லி உங்களுக்கு நன்றி கூறவே இக்கடிதம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கோயிலுக்கு அப்பா ஓட்டும் காரில்தான் வந்து இறங்குவேன் என்று ரமணி சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில்வேயில் மற்றவர்களின் பயணத்துக்கு டிக்கெட் கொடுத்த எனக்கு, ஒரு பயணத்தையாவது நானே நடத்திக்கொடுக்கக் கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் வாங்கிய இரண்டாம் வாரத்திலிருந்தே கார், இன்ஜின் சூடேறியதும் கரும்புகை விட்டு நின்றுவிடும். அரை மணி ஆறவைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பெடரல் ஹைவே டோல் வரிசையில் மட்டும் மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை பின்னாலிருந்த லோரிக்காரர் இறங்கிவந்து, "என்னாண்ணே, இங்கயே வீடு எடுத்துட்டீங்களா?" என்று விசாரித்தார். அன்றிரவே நீங்கள் போன் செய்து, "மாப்ளே, பொண்ணு மாலையும் கழுத்துமா டோல்ல நிக்கணுமா? நான் வேற கார் ஏற்பாடு பண்ணிடறேன் லா" என்றீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி.

அதற்கு முன்பே, கார் வாங்கிய வாரத்திலிருந்தே, கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பி வந்தீர்கள். திருஷ்டி என்றீர்கள். நான் திருஷ்டியை நம்புகிறவன் அல்ல. மறுத்துப் பேசுகிறவனும் அல்ல, கல்யாணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வெளியே கட்டினால் மழையில் அழுகும் என்று புஷ்பவல்லி போனட்டைத் திறந்து, கைக்கு எட்டிய ஒரு வயர்க் கற்றையில் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். கார் நின்றது. ஒன்று போதவில்லை என்று மூன்று கட்டினாள். நீங்களும் மூன்றாக அனுப்பினீர்கள். கார் முன்னைவிட அடிக்கடி நின்றது. எவ்வளவு பலமான திருஷ்டி என்று வியந்து, ஐந்தாக்கினோம்.

இடையில் இரண்டு ஒர்க்ஷாப்களில் காட்டினேன். ஓரிடத்தில் பிளக் மாற்றினார்கள். மற்றோரிடத்தில் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சரையே புதிதாகப் போட்டார்கள். பயனில்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் தெருமுனையில் காரை நிறுத்தி, பழங்களை அவிழ்த்து இருக்கைக்கு அடியில் ஒளித்துவிடுவேன். படித்த மனிதர் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. திரும்பும்போது பழையபடி கட்டிவிடுவேன். வீட்டிலும் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தவர் பாலன். தெலுக் பங்லிமா காராங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வயர் சோதித்துவிட்டு, இப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அவர் எதையும் மாற்றவில்லை. மீட்டரை வைத்து சென்சரை அளந்தார், சரியாக இருந்தது. அதே வயர் காரின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் முனையில் அளந்தார். அங்கே வேறு அளவு வந்தது. வயரைப் பிடித்து மெல்ல ஆட்டினார். மீட்டரின் முள் துள்ளியது.

"அங்கிள், சென்சர் நல்லாத்தான் இருக்கு. அது சொல்ற சேதிதான் வழியில மாறிப்போவுது. இன்ஜின் கொதிக்கிது, ஆனா கம்ப்யூட்டர் என்னமோ பனி கொட்டுற ஊர்ல இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கு. மூச்சு முட்டி நிக்காம என்னா செய்யும்?"

கோலாலம்பூர் வெயிலில் நின்றபடி அந்தக் காருக்காக இரக்கப்பட்டேன். பாலன், வயரை சென்சரோடு இணைக்கும் முனையைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. ஊசியால் அதிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னா அங்கிள், எலுமிச்சங்கொட்டை மாதிரி இருக்கு?"

"காத்துல வந்திருக்கும்."

"போனட்டுக்குள்ளயா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆன்டி கட்டுனாங்களா?"

இருக்கைக்கு அடியிலிருந்து ஐந்து பழங்களையும் எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். "சூட்டுல வெந்து, சாறு பூரா இதுல எறங்கி அரிச்சிருக்கு. சாமி குத்தம் இல்ல அங்கிள். கட்டுன எடம்தான் தப்பு லா" என்று சொல்லி, அரித்த பகுதியை வெட்டியெறிந்து புது முனை பொருத்தினார்.

நேற்று உச்சி வெயிலில் கிள்ளானுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். டோலில் வேண்டுமென்றே நீளமான வரிசையாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டேன். கார் நிற்கவில்லை. உங்கள் வாசல் வழியாகப் போயும் உள்ளே வராததற்கு மன்னிக்கவும். இன்ஜினை நிறுத்த மனம் வரவில்லை.

ஆகவே மாற்றுக் கார் வேண்டாம். இனி எலுமிச்சம்பழமும் வேண்டாம். உங்கள் பழங்கள்தான் காரைக் கெடுத்தன என்று நான் சொல்லவில்லை, கொட்டை சொல்கிறது. ஆனாலும் என் நன்றியில் குறைவில்லை. வாராவாரம் ஒருவர் நம்மை நினைத்துப் பழம் அனுப்புவது சின்ன விஷயமல்ல. ஞாயிறு காலை தாய்மாமனாக நீங்கள் கோயில் வாசலில் நில்லுங்கள். உங்கள் மருமகளை நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்குவது என் பொறுப்பு. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லாருடைய அன்பு.

என்றும் கடமைப்பட்டுள்ள,
பழனியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் புஷ்பவல்லி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அது எங்கண்ணன் குடுத்த பழம்னு யாரு சொன்னா? அம்மன் பாதத்துல வெச்சத கரிப்புகையில தொங்க விடுவாங்களா? காருல கட்டுனது பாசார்ல வாங்குனது" என்றாள். உங்கள் பழங்கள் எங்கே என்று கேட்டேன். ஊறுகாய் போட்டிருக்கிறாள். வாரக்கணக்கில் தயிர்ச்சோற்றுக்கு நான் தொட்டுக்கொள்வது அதைத்தான். யோசித்துப் பார்த்தால், இவ்வளவு நாளில் கார் நின்றதே தவிர நான் ஒரு நாளும் நோய் என்று படுக்கவில்லை. திருத்தி எழுத நேரமில்லை. பழம் வேண்டாம் என்ற வரியை நீங்களே அடித்துவிடுங்கள். ஜாடியில் அடி தெரிகிறது. மாற்றுக் காரும் வரட்டும். ரமணி என் காரில்தான் வருவாள், பழம் அதில் வரலாம்.