அத்திபெலே சந்தையின் நீர்மை

தமிழில் நான் பெரிய புலி என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது அத்திபெலே வரைக்கும்தான் நீடித்தது.

எங்கள் சார் மும்பையில் பெரிய நிதி நிறுவனம் நடத்தியவர். அதை உதறிவிட்டு, அரசின் பொருளாதார ஆலோசகராகப் பெங்களூருக்கு வந்திருந்தார். வேலைதான் மாறியிருந்தது, நிதிக்காரர்களின் பாஷை அவரை விடவில்லை. நான் அவருடைய தற்காலிக உதவியாளர். நிரந்தரமாவேனா என்பது வெள்ளிக்கிழமை அவர் போடும் கையெழுத்தில் இருந்தது. (அதற்குள் அம்மா எங்கள் பேட்டையான லிங்கராஜபுரம் முழுக்க "எங்க ஷீபா கவர்ன்மென்ட்ல" என்று சொல்லி முடித்திருந்தார்.)

வியாழக்கிழமை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலே காய்கறிச் சந்தையில் வியாபாரிகளோடு கூட்டம். கன்னட மொழிபெயர்ப்பாளர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். "இங்க எல்லாருக்கும் தமிழ் வரும் சார், நான் பண்றேன்" என்று குதித்தேன். பொருளாதாரக் கலைச்சொல் அகராதியை வேறு உருப்போட்டு வைத்திருந்தேனே!

சார் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சந்தையில் லிக்விடிட்டிக்குப் பஞ்சமில்லை என்றார். பணப்புழக்கம் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் அகராதியில் 'நீர்மை' என்றல்லவா போட்டிருந்தது? மைக்கைப் பிடித்து முழங்கினேன்: "உங்கள் சந்தையில் நீர்மைக்குப் பஞ்சமே இல்லை!"

கூட்டம் முழித்தது. சங்கத் தலைவர் முனிரத்தினம், "நீர்மைன்னா இன்னாம்மா?" என்றார்.

"அது வந்து... நீர் மாதிரி தாராளமா ஓடுறது..."

"தண்ணியா? யார்கிட்ட வுடற கதை? நாலு நாளா பைப்புல காத்துதான் வருது!"

தக்காளிக்கார அக்கா ஒருவர் எழுந்தே விட்டார். "மூஞ்சி கழுவத் தண்ணி இல்ல, பஞ்சமே இல்லையாமே! கீழ எறங்கி வா, காட்டறேன்."

என்ன சொல்கிறார்கள் என்று சார் கேட்டார். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கண்முன் வந்து நின்றது. "சிறு வியாபாரிகளுக்கு லிக்விடிட்டி வந்து சேரலையாம் சார். நாலு நாளா."

சார் அசந்துபோனார். "இவ்வளவு துல்லியமாகவா? நம் அறிக்கைகளில்கூட இது இல்லையே!" இன்றைக்கே லிக்விடிட்டியைச் செலுத்த ஏற்பாடு செய்வதாக அறிவிக்கச் சொன்னார். அறிவித்தேன். "சார் இன்னைக்கே விடறேங்கறாரு!"

விசில் பறந்தது. சார் தலையில் மரியாதைக்கு மைசூர் பேட்டாத் தலைப்பாகை ஏறியது. முனிரத்தினம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வா சார், எதுல வுடணும்னு காட்டறேன்" என்று சந்தைக்குப் பின்னால் இழுத்துப் போனார். அங்கே காலி டிரம்கள் வரிசையாக நின்றன. சார் டிரம்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

சார் ஒரு காலி டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "மும்பையில் நான் ஒரு வார்த்தை சொன்னால் சந்தை அசையும். இங்கே வந்து ஒரு வருடம், ஒரு ஃபைல்கூட அசையவில்லை" என்றார். பேட்டாவைக் கழற்றாமலே போனை எடுத்தார். ஆறேழு பேரிடம் கத்தினார். சாயங்காலத்துக்குள் இரண்டு டேங்கர் லாரிகள் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமை கையெழுத்தும் விழுந்தது. "நான் அரசுக்கு வந்தபின் அறிவித்த அன்றே நடந்த ஒரே காரியம் அதுதான்" என்றார் சார். உத்தரவின் அடியில் பேனாவால் ஒரு வரி: இவரிடம் மைக் தரக்கூடாது.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் பாஸ்டர் அத்திபெலேயில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். திரும்பியவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், அங்க நம்ம ஷீபாவ 'தண்ணி மேடம்'னு சொல்றாங்க. எத்தன நாளா இந்தப் பழக்கம்?" என்றார்.

அம்மா அரை மணி நேரம் லிக்விடிட்டியை விளக்கினார். பாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று எனக்காக முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் போனார்.

இன்றும் சாப்பாட்டு ஜெபத்தை முடிக்குமுன் அண்ணன் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறான்: "எங்கள் தண்ணி மேடத்தை அந்தப் பழக்கத்திலிருந்து விடுவித்தருளும் ஆண்டவரே." ஆமென் சொல்வதில் அம்மாவின் குரல்தான் பலமாகக் கேட்கிறது.