குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காத மாப்பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தை விசாரிக்காதே. விசாரித்தால் பதில் எழுத வேண்டிவரும், எழுதினால் முதல் வரியிலேயே உன்னைத்தான் குறை சொல்ல வேண்டிவரும். "தங்கமான பையன்டா, நல்லாப் படிச்சவன்" என்று சொல்லி என் ஒரே மகளுக்கு இந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியது நீதான். படித்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து சந்தேகமில்லாத வாக்கியம் ஒன்றுகூட வந்து நான் கேட்டதில்லை. இராத்திரி சாப்பிட எப்போது வருவீர்கள் என்று மகள் கேட்டால், "ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல வர வாய்ப்பு அதிகம்" என்கிறார். குழம்பில் உப்பு சரியா என்றால், இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று மாடிவீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "மாடல் செய்கிறார்" என்றேன். "ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் அவர். அவரைச் சொல்லி என்ன பயன்? வேலை இதுதான். இடுப்புவரை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்குவார். ஓர் இடத்தில் வலையை விட்டு எந்த மீன் இருக்கிறது, எந்த நத்தை இருக்கிறது, எந்தத் தட்டான், எந்தப் பறவை, எந்த நீர்த்தழை என்று வருகைப்பதிவு எடுப்பார். பிறகு அடுத்த இடம். பிறகு அதற்கும் அடுத்த இடம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், அது சாப்பாட்டு மேசைமேல் கிடந்து உறுமு உறுமு என்று உறுமி, யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள், யார் இருக்கும் இடத்தில் யார் தலைகாட்டுவதில்லை என்று வட்டம் வட்டமாகப் படம் போடும். சேர்ந்து வந்தால் நீல வட்டம், ஒதுங்கிப் போனால் சிவப்பு வட்டம். இதை நீ நம் குடும்ப விசேஷங்களில் வாசலில் நின்றபடியே, காபி ஆறுவதற்குள், கண்ணாலேயே செய்துவிடுவாய்.

சரி, படம் போட்டாயிற்று, சிவப்பு என்றால் பகை, நீலம் என்றால் சிநேகம், அப்படித்தானே என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது மாமா. நீங்களும் எதிர்வீட்டுக்காரரும் தினம் ஒரே பஸ் ஸ்டாப்புல ஒண்ணா நிக்கிறீங்க. அதனால சிநேகிதங்கன்னு அர்த்தமா?" என்றார். "அந்த ஆளோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது" என்றேன். "அதான் மாமா. ரெண்டு பேருக்கும் நிழல் வேணும், அவ்வளவுதான்." இன்னொரு நாள், "ஒரு பிராணி கண்ணுல படலைன்னா அது அங்க இல்லைன்னு அர்த்தமில்லை மாமா, நாம பார்க்கலைன்னு அர்த்தம்" என்று ஆரம்பித்தார். அக்கா, நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாகவே காலம் தள்ளியவன். டிக்கெட் எடுக்காத ஒவ்வொருவனும் என்னிடம் இதையேதான் சொன்னான். அவர்களுக்கெல்லாம் நான் அபராதம் போட்டேன். இவருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் போடுகிறது.

இந்த அழகில் எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் விவகாரம் இவர் கையில் போய் விழுந்தது. ஓய்வு பெற்றபின் எனக்கென்று இருந்தது அந்தச் சங்கம் ஒன்றுதான். ஏரிக்கரையில் ஒரு கொட்டகை, நாலைந்து நாற்காலி, மடக்கும் தூண்டில்கள், நம்மை மதிக்கிற மனிதர்கள். கொஞ்ச காலமாகத் தூண்டிலில் ஒன்றும் சிக்குவதில்லை. ஆனால் எங்கள் துறையிலேயே கறுப்பாக நீர்க்காகங்கள் உட்கார்ந்துகொண்டு, சிறகை விரித்துத் துணி காயப்போடுகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தன. குற்றவாளி யார் என்று கண் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பிடுங்குவதைத் தவிர வேறு வைத்தியம் அறியாதவர். "ஏரி நடுவுல தீவுல இருக்கற மரத்தையெல்லாம் வெட்டிடுவோம். கூடு கட்ட இடமில்லைன்னா தானாப் போயிடும்" என்றார். கை தட்டினோம். நகராட்சி அதிகாரியம்மாதான், மரம் வெட்ட வேண்டுமானால் முதலில் ஓர் ஆய்வு வேண்டும் என்று முட்டுக்கட்டை போட்டார். ஆய்வுக்கு வந்தவர் யார் என்று நினைக்கிறாய்? பூட்ஸும் வலையுமாக உன் தங்கமான பையன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மாமனார் இருக்கும் சங்கம், மனதில் வைத்துக்கொள்ள மாட்டாரா? ஒரு காலை அவர் குளிக்கப் போன நேரம் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. நீர்க்காகம் ஒரு பக்கம், எங்கள் மீன் ஒரு பக்கம், நடுவில் தக்காளி போல ஒரு சிவப்பு வட்டம்! செருப்பை மாற்றி மாட்டியதுகூடத் தெரியாமல் கொட்டகைக்கு ஓடினேன். "வந்தாச்சு! சிவப்பு வந்தாச்சு!" என்று கத்தினேன். பல் டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். அன்றே மரம் அறுக்க ஆள் சொல்லி அனுப்பினார்கள். வழக்கமாகத் தலைவர் உட்காரும் சாய்வு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் முகம் வெளிறியது. "மாமா, அது பாதிக் கணக்கு" என்றார். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று நகராட்சி ஹாலில் முன்வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளை திரையில் படத்தைப் போட்டார். சிவப்பு வட்டம். பின்னால் ஆரவாரம். "இப்போ தழை எங்க எவ்வளவு இருக்குங்கறதையும் கணக்குல சேர்க்கறேன்" என்று ஒரு பொத்தானைத் தட்டினார். வட்டம் வெளிறி, சுருங்கி, போய்விட்டது. திருடனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தால், ஏட்டையாவே கதவைத் திறந்து வழியனுப்பி வைத்தது போல இருந்தது எனக்கு. "தழை இல்லாத இடத்துல மீன்குஞ்சு ஒளிய முடியாது, அதனால மீன் குறைவு. நீர்க்காகத்துக்குத் திறந்த தண்ணி வசதி, அதனால அது அங்க வருது. பறவையினாலதான் மீன் குறைஞ்சதுங்கறதுக்கு இதுல ஆதாரம் இல்லை" என்றார்.

பல் டாக்டர் எழுந்தார். "மீனே இல்லாத இடத்துக்குப் பறவை எதுக்கு சார் வருது?"

"நீங்களும்தானே சார் வர்றீங்க?" என்றார் மாப்பிள்ளை. கிண்டலாகக் கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நிஜமாகவே யோசித்துக் கேட்டார்.

ஹால் சிரித்து ஓய்ந்ததும் அதிகாரியம்மா, "சங்கத்துத் துறையில தழையை வெட்டினது யாரு?" என்று கேட்டார். சங்கம்தான் வெட்டியது. தூண்டில் அதில் சிக்கிக்கொள்கிறது, துறை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தீர்மானம் போட்டு வெட்டியது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார் என்று அவர் கேட்பதற்குள் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது. அப்போதாவது உன் தங்கம் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா? பேசினார். "தழையாலதான்னும் இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை வெட்டாம விட்டுப் பார்க்கணும்" என்றார். உதவி செய்தாரா, உபத்திரவம் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மரம் வெட்டத் தடை. அப்படி விட்டுப் பார்ப்பதற்காக எங்கள் வடக்குத் துறையில் தழை வெட்டவும் தடை. பல் டாக்டர் என்னைத் தாண்டிப் போகும்போது, "உங்க மாப்பிள்ளையை உங்க வீட்டோட வெச்சுக்கங்க" என்று பல்லைக் கடித்தார்.

வீட்டில் நியாயம் கேட்டேன். மகள் துணி மடித்துக்கொண்டே, "அப்பா, அவர் உங்க சங்கத்துக்கும் வேலை பார்க்கலை, பறவைக்கும் வேலை பார்க்கலை. எப்பவும் யாரையாவது பஸ்ஸை விட்டு இறக்கணும்னே இருக்கீங்களே" என்றாள். நான் பெற்ற பெண், அக்கா! அன்றிலிருந்து நான் தனியாகச் சாப்பிடுகிறேன். கொட்டகைப் பக்கமும் போக முடியவில்லை. என் நாற்காலியில் இப்போது எதிர்வீட்டுக்காரர் உட்காருகிறாராம்.

ஆகவே நீதான் ஒரு காரியம் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று மாப்பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுகிறது. இதே கணக்குதான், ஆனால் நத்தைக்குப் பதில் மனிதர்கள். பெரிய பதவி, கம்பெனி கார், முக்கியமாக வேறு ஊர். அவர் யோசிக்க வேண்டும் என்கிறார், அவருக்கு வேறென்ன தெரியும்? நீ சொன்னால் தட்டமாட்டார். போன் போட்டு, "போய்ச் சேருப்பா" என்று அதட்டிச் சொல். கம்பெனிக்காரர்கள் உன்னிடமும் விசாரிப்பார்களாம். நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் எல்லோரும் சீக்கிரம் முடிவெடுக்கிற மனிதர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன்னை நம்பிக் கெட்ட தம்பி

பி.கு.: உன் புது வீட்டு முகவரி கிடைக்காமல் இந்தக் கடிதம் வெகுநாள் அலமாரியில் கிடந்துவிட்டது. இதற்கிடையில், மாப்பிள்ளையின் கணக்கு தப்பு என்று நிரூபிக்கவே வடக்குத் துறைக்குத் தினமும் போய்வந்தேன். தழை முழங்கால் உயரம் வளர்ந்து பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று காலை குனிந்து விலக்கிப் பார்த்தால் அதற்குள்ளே மீன்குஞ்சுகள். ஊசி சிதறினது போல. அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் தழை வெட்டும் கத்தியும் படகுமாக, கூட இரண்டு பேரோடு வருகிறார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "எல்லாரும் கீழ இறங்குங்க!" என்றேன். இறங்கினார்கள், அக்கா, இடுப்பளவு தண்ணீரில். மாப்பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு பருவத்தை வெச்சுச் சொல்ல முடியாது மாமா, இன்னும் ரெண்டு மூணு வருஷம் பார்க்கணும்" என்றார். யார் பார்ப்பது? நான்தான். எனக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆகவே போன் போடாதே. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டால், பையன் கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிடு.