சோஸ்னா முதல் அணியும் சோஸ்னா இரண்டாம் அணியும்

ஒரு காட்டில், நம்ம பக்கத்துக் காடு இல்லை பிள்ளைகளே, பைன் மரமும் பீட்ரூட் சூப்புமாக இருக்கும் போலந்து நாட்டுக் காட்டில், ஒரு கால்பந்துக் கழகம் செத்துப்போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சோஸ்னா என்று பெயர். நன்றாக ஆடியவர்களை ஆற்றுக்கு அக்கரைக் கழகம் அழைத்துக்கொண்டது. சுமாராக ஆடியவர்கள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். மைதானத்தில் காஞ்சொறிச் செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

போகுமில் என்ற முள்ளெலிக்குத்தான் அது பொறுக்கவில்லை. சனிக்கிழமைக் கூச்சல் காதில் விழாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் குளிர்காலத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டுக் காஞ்சொறியைப் பிடுங்கினான், சுண்ணாம்பில் கோடு போட்டான், பொந்து பொந்தாக ஏறி இறங்கிப் பதினோரு பேரைச் சேர்த்தான். கோல்கீப்பர் கஸ்பர் என்ற காட்டெருமை. கேப்டன் யத்விகா என்ற நாரை. ஓட்டத்துக்குச் செவரின் என்ற முயல். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு லீக் அலுவலகத்துக்குப் போனான். அங்கே அதிகாரி எவ்கேனியா என்ற ஆந்தை.

“எத்தனை அணி?” என்றாள் ஆந்தை.

“ஒன்றுதான், அம்மா.”

“ஒரே அணி இருந்தால் அது கழகம் இல்லை ஐயா, பொழுதுபோக்கு. விதிப்படி இரண்டு வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கிடையாது.”

போகுமில் வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்துவிட்டு இன்னொரு படிவம் வாங்கினான். முதல் படிவத்தில் மேலிருந்து கீழாக எழுதிய பதினோரு பெயரை, இதில் கீழிருந்து மேலாக எழுதினான். முத்திரை விழுந்துவிட்டது.

சனிக்கிழமை முதல் அணி ஆடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அணி ஆடும். திங்கட்கிழமை பதினோரு பேரும் நொண்டுவார்கள். கடைசிப் படி லீக்தான் என்றாலும் கூட்டம் வந்தது. போகுமிலுக்குச் சோறும் இறங்கியது.

அப்போதுதான் கோப்பைப் போட்டியில் யாருக்கு யார் எதிரி என்று சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சுற்றில் சோஸ்னா முதல் அணிக்கு எதிரி, சோஸ்னா இரண்டாம் அணி. வராத அணியின் பதிவு ரத்து. ஆந்தை நேரில் வந்து பார்ப்பாள்.

“சரி, உண்மையைச் சொல்லிவிடலாம்” என்றான் போகுமில்.

“சொன்னால் கழகம் மறுபடி செத்துவிடும்” என்றாள் யத்விகா. “சட்டையை முன்பக்கம் சிவப்பாக, பின்பக்கம் வெள்ளையாகத் தைத்துக் கொடுங்கள். ஆந்தையம்மாவை ஒரு கோலுக்குப் பின்னால் உட்காரவையுங்கள். ஆட்டத்தை உச்சி வெயிலில் வையுங்கள்.”

அப்படியே செய்தார்கள். ஆந்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டக்காரர்கள் அவளை நோக்கி ஓடி வந்தால் சிவப்பு, முதல் அணி தாக்குகிறது. திரும்பி ஓடினால் வெள்ளை, இரண்டாம் அணி தாக்குகிறது. இரண்டு கோலுக்கும் கஸ்பர்தான். பந்துக்கு முன்னால் அவன் ஓடி முடிப்பதற்குள் தரை அதிர்ந்து, கூட்டத்தில் இருந்தவர்களின் சூப் தளும்பியது. பாதி ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு.

வினை இடைவேளையில் வந்தது. போகுமில் ஒரு பானை சூப்போடு வந்து, ஆந்தைக்குக் கேட்கும்படி, “முதல் அணி வாருங்கள்!” என்று கத்தினான். பதினோரு பேரும் வந்து மளமளவென்று குடித்தார்கள். பிறகு, “இரண்டாம் அணி வாருங்கள்!” என்றான். பதினோரு பேரும் திரும்பி நின்றார்கள். பானை காலி.

“பார்த்தீர்களா!” என்று செவரின் வாயைத் துடைத்துக்கொண்டே கத்தினான். “எப்போதும் இதே கதைதான்! எல்லாம் அவர்களுக்கு!”

“செவரின், நீதானே இப்போது குடித்தாய்?” என்றான் போகுமில் மெதுவாக.

“அது முதல் அணிச் செவரின். அவனைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.”

போகுமில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. கஸ்பரின் கண்கள்கூடக் கலங்கியிருந்தன.

இரண்டாம் பாதியில் வெள்ளைச் சட்டை வெறிபிடித்து ஆடியது. சிவப்பாக வரும்போது கால் தள்ளாடும், வெள்ளையாகத் திரும்பினால் பறக்கும். ஐந்துக்கு இரண்டு என்று இரண்டாம் அணி ஜெயித்தது. விசில் ஊதியதும் யத்விகா வந்து, “அவமானம் போதும். இரண்டாம் அணி கழகத்தைவிட்டு விலகுகிறது. தனிக் கழகம் தொடங்கப்போகிறோம்” என்றாள்.

“அப்படியானால் சனிக்கிழமை?”

“முதல் அணியாக வருவேன். அந்தத் துரோகிகளை நீங்கள் சும்மா விடக்கூடாது.”

போகுமில் உடைந்துபோனான். நேரே ஆந்தையிடம் போய் முள்ளெல்லாம் தாழ, “அம்மா, இருந்தது பதினோரு பேர்தான். எல்லாம் என் தப்பு. பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான்.

“எனக்குப் பகலில் கண்தான் தெரியாது ஐயா, காது கேட்கும். பதினோரு மூச்சுதான் இரைத்தது” என்றாள் ஆந்தை. “ஆனால் லீக் நடத்த ஆறு கழகம் வேண்டும். உங்களோடு ஐந்துதான் இருந்தது, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். இப்போது ஆறு ஆகிவிட்டது. இரண்டு கழகத்துக்கும் இரண்டாம் அணியை வழக்கம்போலக் கீழிருந்து மேலாக எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்!” புதுக் கழகத்தின் படிவத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் பறந்துபோனாள்.

புதுக் கழகத்துக்குச் செயலாளராகவும் போகுமிலைத்தான் அழைத்தார்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவன் அந்தக் காட்டில் அவன் ஒருவன்தான். காலையில் சோஸ்னா செயலாளராக உட்கார்ந்து, புதுக் கழகத்தைக் கண்டித்துக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினான். மத்தியானம் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து உறையைப் பிரித்துப் படித்தான். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

“எவ்வளவு திமிர் இவனுக்கு!” என்றான்.

*நீதி: ஒற்றுமையாக இருந்தால் ஓர் அணிதான் தேறும், அதை வைத்து எந்த லீக்கும் நடக்காது. ஆகவே பிள்ளைகளே, ஆள் போதவில்லை என்றால் காலாகாலத்தில் சண்டை போட்டுப் பிரிந்துவிடுங்கள்.*