ஊமை டிவியும் நடுநிலைப் பூபாலனும்

தொலைக்காட்சியில் அரசியல் விவாதம் பார்ப்பவர்களில் மூன்று ரகம் உண்டு. தன் கட்சிக்காரன் பேசும்போது தொடையைத் தட்டிக்கொள்பவர் முதல் ரகம். எல்லாருமே திருட்டுப் பசங்கள் என்று சொல்லிவிட்டுச் சீரியலுக்கு மாற்றச் சொல்பவர் இரண்டாவது ரகம். இவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவது ரகம்தான் வில்லங்கம். அவர் பேசுகிறவன் என்ன பேசுகிறான் என்று ஒருநாளும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நடுவில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே நெறியாளர், அவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்து, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கண்டுபிடிப்பதற்காகவே பிறவி எடுத்தவர். உங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை என்கிறீர்களா? நன்றாகத் தேடிப் பாருங்கள்.

திருத்தணி மலையடிவாரத் தெரு ஒன்றில் இருப்பவருக்குப் பூபாலன் என்று பெயர். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம், அதில் நெல்லும் வேர்க்கடலையும். பகலெல்லாம் பயிரைப் பார்ப்பார், பொழுது சாய்ந்தால் நெறியாளரைப் பார்ப்பார். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது அவர் மனைவி மணியம்மைக்கே தெரியாது. அதனால் ஊரில் அவருக்கு நடுநிலைப் பூபாலன் என்று பெயர் நிலைத்துவிட்டது. சொத்து சுகத்தைவிட அவருக்கு அந்தப் பெயர்தான் உசத்தி.

அவர் நெறியாளரைச் சோதிக்கும் முறையே தனி. விவாதம் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுவார். பேச்சைக் கேட்டால் நம் மனசு சாய்ந்துவிடும், பிறகு அவன் மனசு சாய்வது எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஊமைப் படம் ஓடும். எந்தக் கட்சிக்காரன் வாயசைக்கும்போது நெறியாளரின் புருவம் ஏறுகிறது, யார் பேசும்போது தண்ணீர் குடிக்கிறார், யாரைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார் என்று மனசுக்குள் கணக்கு ஏறும். முடிந்ததும், போன வருஷம் வாசலில் புதிதாகக் கட்டிய வழவழ கிரானைட் படியில் வந்து உட்கார்ந்து, தெருவுக்குத் தீர்ப்பு வழங்குவார். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்.

"இவனும் சரியில்ல."

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வார்டு தேர்தல் வந்தது. உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் பிரேம்குமாருக்கு ஓர் ஆசையும் வந்தது. போட்டியிடுகிற இரண்டு பேரையும் கல்யாண மண்டப மேடையில் உட்காரவைத்து, பெரிய சேனல்களைப் போல விவாதம் நடத்தி, ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்ப வேண்டும். ஒருவர், பதவியில் இருக்கும் பரந்தாமன். எதிர்த்து நிற்பவள் கயல்விழி. இருவருக்கும் பொதுவாக ஒரு நெறியாளர் வேண்டும். "நைனா, நீங்க கை காட்டற ஆள உட்கார வைக்கறேன்" என்று பிரேம்குமார் வந்து நின்றான். பிள்ளையார் பிடிக்கப் போகிறோம் என்றுதான் பாவம் அவன் நினைத்தான்.

மணவூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். யார் பேசினாலும் தலையாட்டுகிறார், தலையாட்டுகிறவன் சாய்கிறவன் என்று பூபாலன் கழித்துவிட்டார். அடுத்து வந்த வக்கீல் தலையே ஆட்டவில்லை. திமிர் பிடித்தவன், வேண்டாம். அரக்கோணத்தில் வேலை பார்க்கும் வங்கி அதிகாரி அம்மாள் நன்றாகத்தான் பேசினார், ஆனால் தினமும் அவர் ரயிலில் உட்காரும் பெட்டியில்தான் பரந்தாமனின் மச்சானும் ஏறுகிறானாம். ஒரு டாக்டர் கயல்விழியின் அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறார். வலிக்காமல் போட்டிருக்கிறார், அதுதான் சந்தேகம். இன்னொருவர் எல்லா வகையிலும் தேறி வந்து, கடைசியில் பரந்தாமன் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட்டவர் என்று தெரியவந்தது. இரண்டாம் முறை பாயசம் வேறு கேட்டிருக்கிறார். முடிந்தது கதை.

மணியம்மைக்குப் பொறுக்கவில்லை. மலைமேல் இருக்கிற முருகனையே கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டியதுதானே என்றாள். பூபாலன் அதையும் தள்ளிவிடவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வள்ளியக் கட்டனவரு. இந்தப் பக்கத்து மாப்பிள்ள. உறவாயிடுதே" என்றார்.

ஆக, உலகத்தில் மீதி இருந்தது ஒரே ஆள். அந்த ஆள் வேறு வழியில்லாமல் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டதாக ஊருக்குச் சொன்னார்கள். அன்று மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று அவர் நெடுநேரம் தலை வாரியதை மணியம்மை மட்டுமே பார்த்தாள். பிரேம்குமார் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டான். பரந்தாமன் இவரைச் சித்தப்பா என்கிறான், பங்காளி மகன். கயல்விழி மாமா என்கிறாள், சொந்தத் தங்கை மகள். அது பரவாயில்லையா? இரண்டு பக்கமும் சரிசமமாக உறவு இருந்தால் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய்விடும் என்று பூபாலன் விளக்கினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உடையில்தான் சிக்கல் வந்தது. வேட்டிக் கரையில் எந்த நிறம் எடுத்தாலும் அது ஒரு கட்சியின் நிறம். கடைசியில், எல்லா நிறமும் சமமாகக் கலந்திருப்பது பொதட்டூர்பேட்டைக் கட்டம் போட்ட லுங்கியில் மட்டும்தான் என்று கண்டுபிடித்து, அதைக் கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். மணியம்மை வாசலை மறித்து நின்றுதான் வேட்டிக்கு மாற்றினாள். மாற்றிக்கொண்டு வந்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மழ பேஞ்சா தெருவெல்லாம் தண்ணி நின்னுகினு கீது. அத மட்டும் ரெண்டு பேருகிட்டயும் கேளுங்க, போதும்."

முடியாது என்றுவிட்டார். தண்ணீர் நம் வாசலிலும் நிற்கிறது, கேட்டால் சொந்தக் காரியமாகிவிடும், நடுநிலை கெட்டுவிடும். மணியம்மை புடவையை மாற்றிக்கொண்டு அவளும் மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

மேடையில் நடுநாயகமாகப் பூபாலன், கையருகே ஒரு மணி. தொடங்கும்போதே ஒரு விதி போட்டார். உறவுமுறை சொல்லி யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, "வேட்பாளர் அவர்களே" என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் சண்டை போடுகிறவன்கூட உறவைச் சொல்லித்தானே வாயைத் திறப்பான்? கயல்விழி அத்தான் முறை வைத்து "பாவா, நீங்க" என்று ஆரம்பித்தாள். மணி அடித்தது. பரந்தாமன் "இல்ல கயலு" என்றான். மணி. அவர்களும் முயன்று பார்த்தார்கள். "வேட்பாளர் அவர்களே" என்று சொன்ன பிறகு அடுத்த வார்த்தை வர மறுத்தது. முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது? இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். விவாதம் நின்றுவிடக் கூடாதே என்று நடுநிலை என்றால் என்ன என்பதைப் பற்றிப் பூபாலனே பேசலானார். பேசினார், பேசினார், முன்வரிசையைத் தவிர மற்றவர்கள் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்போதுதான் முன்வரிசையில் மணியம்மை எழுந்தாள்.

"ஏம்மா கயலு, ஏம்பா பரந்தாமா. நம்ம தெருவுல தண்ணி ஏன் நிக்குது? உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா, தெரியாதா?"

பூபாலன் மணியை அடித்தார். யாரும் சட்டை செய்யவில்லை. கயல்விழி பரந்தாமன் பக்கம் திரும்பினாள்.

"பாவா, உங்களுக்குத் தெரியும். நீங்க ஏன் கேக்கல?"

"நீ கூடத்தான் தெரிஞ்சிகினு கம்முனு கீற" என்றான் பரந்தாமன். "நான் கேட்டா, எதிர்த்து நிக்கறவ சொந்தக்காரங்க வீட்டு மேல பாய்றேன்னுவாங்க. நீ கேட்டா, ஓட்டுக்காகன்னுவாங்க. அந்த வார்த்தைய யாரு வாங்கிக்கறது?"

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவர்கள் இலையை விட்டுத் திரும்பி வந்தார்கள். பூபாலனின் கை மணியின் மேல் அப்படியே நின்றது. யார் வீடு என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. கயல்விழிதான் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, மரியாதையாகவே சொன்னாள்.

"உங்க புதுப் படிதான் மாமா. கால்வாய் மேல வந்து உட்கார்ந்துகினு கீது."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பி அடங்க நேரம் பிடித்தது. பூபாலன் மணியிலிருந்து கையை எடுத்தார். படி கட்டும்போதே மணியம்மை தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவர் ஏதோ ஒரு நெறியாளரின் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தாலும் முதல் வேலை கால்வாய்தான் என்று சித்தப்பா, மாமா, பாவா எல்லாம் தாராளமாகப் போட்டு இரண்டு வேட்பாளர்களும் கேமரா முன்னால் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மணி அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. பூபாலன் வழக்கம்போல உட்கார்ந்தார், வழக்கம்போலச் சத்தத்தை அணைத்தார். பழக்கம் லேசில் விடுமா? திரையில் நெறியாளர் வாயசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பெண் எழுந்து நின்றாள். நெறியாளரின் கண் வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, கடைசியில் தன் காலடிக்கு வந்து அங்கேயே குத்திட்டு நின்றது. பூபாலன் வெகுநேரம் அந்த ஆளையே பார்த்தார்.

"இவனும் சரியில்ல" என்றார்.

"யாரு பக்கமாம்?" என்று கேட்டாள் மணியம்மை.

"அவன் வூட்டுப் பக்கம்."

மறுநாள் காலை கொத்தனார் கடப்பாரையோடு வந்தபோது, பூபாலன் தானே முன்னால் நின்று முதல் கல்லைப் பெயர்த்தார். இப்போது அவர் வாசலில் தண்ணீர் நிற்பதில்லை. தீர்ப்புச் சொல்ல உட்காரத்தான் இடமில்லை, நின்றுகொண்டே சொல்கிறார்.

அது கிடக்கட்டும். இவ்வளவு தூரம் படித்து வந்தீர்களே, கதை சொல்கிற ஆள் கயல்விழி பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டதாகவும், பரந்தாமனுக்குப் பேச இன்னும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம் என்றும் நடுவில் எங்கேயாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் தப்பில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எதற்கும் ஒருதரம் வாசலில் போய் உங்கள் வீட்டுப் படி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.