மங்கலின் கறுப்புக் கட்டம்

காரைக்குடியில் வெயிலோடு பேரம் பேசத் தெரிந்த ஒரே மனிதர் மங்கல்தான்.

செக்காலைப் பக்கம் வீடு வீடாகக் கண்காணிப்பு கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். இயற்பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. எங்கே மாட்டினாலும் படத்தின் வெளிச்சத்தை ஒரு படி இறக்கிவிட்டு, “மங்கலா இருந்தாத்தேன் மங்களம்” என்பார். அதிலிருந்து மங்கல்.

மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு அவருக்கு ஒரு பகல் போதாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து எக்ஸ்போசரைக் கொஞ்சம் ஏற்றுவார், கொஞ்சம் இறக்குவார். மேகம் வந்தால் கையை எடுத்துவிடுவார். “அது போகட்டும். மேகத்துக்கு வச்சா, வெயிலுக்கு வெளுத்துப் போகும்.” மேகம் போகும்வரை காப்பி. பெரிய மேகமென்றால் இரண்டு காப்பி.

அவர் வைத்த படத்தில், உச்சி வெயிலில் போகிறவர்கள்கூட விடியற்காலையில் நடப்பதுபோல் இருப்பார்கள். சைக்கிள்கள் மிதந்து போகும். தெருநாய் கனவில் வருவதுபோல வந்து, யோசித்துவிட்டுத் திரும்பும். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் பொறுக்காமல், “திருடன் மூஞ்சி தெரியணும்ய்யா!” என்று கத்தினார்.

“தெரியும்ணே. பாத்தா அவனுக்கே அவன் மேல ஒரு மரியாதை வரும்.”

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சுப்பையா. வாசலில் இருந்த பித்தளைக் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போனதும், அவசரத்தில் வேறொருவரைக் கூப்பிட்டு கேமரா மாட்டினார். அது எதிர்வீட்டு ரஹ்மத்தின் ஜன்னலை நேராகப் பார்த்தது. ரஹ்மத்தின் கணவர் கத்தாரில் வேலை. அந்த ஜன்னலோரம்தான் சிக்னல் நிற்கும்; சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் வீடியோ காலில் பேசுவாள். கேமரா வந்த அன்றே ஜன்னல் சாத்தப்பட்டது.

“எங்க வீட்டுக்காரரோட நான் பேசுறத டிவில பாக்குறீகளாமுல்ல அண்ணே?”

“நான் எங்கம்மா பாக்குறேன்? எங்க குழாயத்தேன் பாக்குறேன்.”

“அதுதான் போயிருச்சுல்ல?”

தண்ணீர் வந்தால் ஒருவருக்கொருவர் குரல் கொடுக்கும் பழக்கம் அன்றோடு நின்றது. ரஹ்மத் மொட்டைமாடி வெயிலில் போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, “கேக்குதா? கேக்குதா?” என்று அலைந்தாள். பாதிப் பேச்சு அதிலேயே போனது.

நான் சொல்லித்தான் சுப்பையா மங்கலுக்கு போன் போட்டார். மங்கல் அப்போது கோவிலூரில் ஏணிமேல் இருந்தார். “பிரைவசி மாஸ்க் போட்டாச் சரியாப் போகும்ணே. நாளைக்கு வர்றேன்.”

சுப்பையாவின் காதில் மாஸ்க் மட்டும் விழுந்தது. இதற்கு எதற்கு நாளைவரை காத்திருப்பது என்று, கொரோனா காலத்து மிச்சத்தில் நீல நிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்தார். ஸ்டூலில் ஏறி கேமராவுக்கு மாட்டிவிட்டார்.

மறுநாள் மங்கல் வந்ததும் பெருமையோடு காட்டினார். “நீங்க சொன்ன மாதிரியே போட்டுட்டேன். மூக்கு தெரியாம.”

மங்கல் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “இருமுதாண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஜன்னல் விரலளவு திறந்தது.

“இங்குட்டு வாங்க தாயி. நீங்களே வந்து பாருங்க” என்றார் மங்கல்.

முகமூடியைக் கழற்றிவிட்டு, திரையில் அவள் ஜன்னல் தெரிந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தார். இதுதான் அவர் சொன்ன மாஸ்க். ஜன்னல் மறைந்தது, தெரு அப்படியே இருந்தது. வந்து பார்த்த ரஹ்மத் அசரவில்லை.

“நீங்க போனதும் அண்ணன் இத எடுத்துட்டா?”

மங்கல் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார். “பாஸ்வேர்டு நீங்க போடுங்க. யாருக்கும் சொல்லாதீக. எனக்கும்தேன்.”

சுப்பையா பதறினார். “கேமரா என்னுது, சாவி அவுகளுக்கா?”

“பாக்குறது நீங்க. மூடுறது அவுக.”

ரஹ்மத் திரும்பி உட்கார்ந்து தட்டினாள். நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்து நின்றோம். அன்று சாயங்காலம் ஜன்னல் திறந்தது; திரையில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது. அதன் பின்னாலிருந்து அவள் பேச்சு தெருவுக்கு நிதானமாக வந்துகொண்டிருந்தது.

மங்கல் இப்போது வெளியூரில் மகளோடு இருக்கிறார். போன மாதம் கேமரா பழுதாகி, புதியவர் ஒருவர் வந்து வேறு மாட்டினார். ரஹ்மத் வந்து கட்டத்தையும் பாஸ்வேர்டையும் தானே போட்டாள். படம் பளீரென்று இருந்தது. சுப்பையா முகம் சுளித்தார்.

“கொஞ்சம் இறக்கி வைங்க தம்பி.”

“மங்கலாத் தெரியுமே சார்?”

“தெரியட்டும்.”

புதியவர் கை வைக்கும் நேரம் திரையில் தெரு மெல்ல இருண்டது. ரஹ்மத் அவரைத் தடுத்தாள்.

“இருங்க தம்பி. மேகம் போகட்டும்.”

சுப்பையா காப்பி சொல்ல உள்ளே போனார்.